சட்டியை மினுக்கிய வெல்டர்

பட்டறையில் அவனைத் தீப்பொறி என்றுதான் கூப்பிடுவார்கள். இரும்புக் கேட்டோ, ஜன்னல் கம்பியோ, தண்ணீர் லாரியின் தொட்டியோ, எது விட்டுப்போனாலும் அவன் கைபட்டால் ஒட்டிக்கொள்ளும். அடுப்படியில் மட்டும் அந்தக் கைக்கு வேலை இருந்ததில்லை. வெந்நீர் வைக்கப் போனால்கூட, எந்தத் திருகு எந்த அடுப்புக்கு என்று பெண்டாட்டியைக் கேட்கிற ஆள்.

அந்தப் பெண்டாட்டியைத் தையல் கம்பெனியில் அன்று காலை சூப்பர்வைசராக ஆக்கிவிட்டார்கள். மதியம் போனில் சொன்னாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"இன்னைக்கு நீ அடுப்பு பக்கம் வரக்கூடாது. மீன் நான் வறுக்கிறேன்."

"யாரு?"

"நான்தான்."

"முடிஞ்சதும் கேஸை மூடிடுங்க, அது போதும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவன் மனசில் ஒரே ஒரு கணக்குதான். வீட்டில் மீன் வறுத்தால் முழுத் துண்டெல்லாம் அவன் தட்டுக்கு வந்துவிடும். சட்டியில் ஒட்டிய தூளையும் உடைந்ததையும் சுரண்டி, அவள் நின்றபடியே தின்பாள். இன்று அவள் உட்கார வேண்டும். உடையாத துண்டு ஒன்று ஆவி பறக்க அவள் தட்டில் விழ வேண்டும். ஆறு மணிக்கு வந்துவிடுவாள்.

"என்ன தம்பி, வீட்ல அவங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்றாள் மீன்காரம்மா.

"இல்லக்கா. இன்னைக்கு நான் சமைக்கிறேன்."

"அப்ப இனிமேதான் சரியில்லாம போகும்."

சொல்லிவிட்டு நல்ல மீனாகத்தான் எடுத்தாள். விரல் கனத்துக்கு நாலு துண்டு போட்டாள். "ஈரத்தைத் துணியில ஒத்தி எடு. சட்டி நல்லா காயட்டும். போட்டவுடனே கிண்டாதே. அது சிமென்ட் கலவை இல்ல."

வீட்டுக்கு வந்து துண்டுகளை ஒத்தினான். உப்பும் மிளகாய்த்தூளும் தடவினான். மீன் சட்டியை எடுத்துப் பார்த்தால், இரும்புச் சட்டி உள்ளும் புறமும் அண்டங்காக்கை மாதிரி கறுத்துக் கிடந்தது. சூப்பர்வைசர் வீட்டில் இப்படி ஒரு சட்டியா? அவனுக்குப் பொறுக்கவில்லை. நேரே பட்டறைக்குக் கொண்டுபோனான். கிரைண்டரில் கம்பி பிரஷை மாட்டி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உள்பக்கம் முழுக்க ஓட்டு ஓட்டென்று ஓட்டினான். கறுப்பெல்லாம் பொடியாகப் பறந்தது. வெள்ளி போல மின்னிய சட்டியில் தன் மீசையைப் பார்த்து ஒதுக்கிக்கொண்டான்.

திரும்பி வந்தபோது வாசலில் மச்சினன் நின்றிருந்தான். எலெக்ட்ரீஷியன், வாய் கொஞ்சம் நீளம்.

"அக்கா போன் பண்ணிச்சு மாமா. தீயணைப்பு வண்டி கிடைக்கலையாம், என்னைப் போகச் சொல்லிச்சு."

"வாயை மூடிக்கிட்டு ஜன்னலைத் திற மாப்ள."

எண்ணெய் ஊற்றி முதல் துண்டைப் போட்டான். சொய்ங் என்று எழுந்த சத்தத்தில் அவனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கொஞ்சம் பொறுத்துக் கரண்டியைக் கொடுத்து நெம்பினான். அசையவில்லை. அழுத்தி நெம்பினான். மேல்பாதி கரண்டியோடு வந்தது, அடிப்பாதி சட்டியோடு நின்றது.

மச்சினன் குனிந்து பார்த்தான். "அருமையா பிடிச்சிருக்கு மாமா. எக்ஸ்ரே எடுத்தாலும் இந்த வெல்டிங் ஜாயின்ட்ல ஒரு குறை சொல்ல முடியாது."

தீப்பொறி கரண்டியைத் தூக்கிய கையோடு அப்படியே நின்றான். பிறகு தலையில் அடித்துக்கொண்டான். துருவும் எண்ணெய்க் கறையும் இருந்தால் வெல்டிங்கில் பற்று பிடிக்காது என்று தினமும் இரும்பைத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறவன் அவன். அதே வேலையை மீன் சட்டிக்கும் செய்துவிட்டான். பிடிக்கக் கூடாத இடத்தில் பிடிக்க வைத்துவிட்டான். அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை. மீன் ஒட்டாமலிருக்க அவள் வளர்த்து வைத்த தோல்.

மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. மீதி மூன்று துண்டு.

ஒட்டியதைச் சுரண்டினான். கழுவித் துடைத்து, துணியில் எண்ணெயைத் தொட்டு மெல்லிசாகப் பூசி, அடுப்பைக் கூட்டினான். இரும்பு சூடேறி நிறம் மாறத் தொடங்கியது. முதலில் வைக்கோல் நிறம், அப்புறம் தவிட்டு நிறம், அப்புறம் மயில் கழுத்து நீலம். இது அவனுக்குத் தெரிந்த பாஷை. புகை வந்ததும் இறக்கினான், துடைத்தான், மறுபடி பூசினான், மறுபடி ஏற்றினான்.

"மாமா, கண்ணு எரியுது."

"அழுதுக்கோ. பாரு, பாரு, கறுக்குது பாரு."

சட்டியின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு படிந்தது. அதற்கு மேல் நேரமில்லை. தீயைத் தணித்து, எண்ணெய் ஊற்றி, அந்த இடம் பார்த்து இரண்டாவது துண்டை வைத்தான்.

மச்சினன் கரண்டியை நீட்டினான். தீப்பொறி அவன் கையில் ஒரு தட்டுத் தட்டினான். "வெல்டிங் பத்தவச்ச சூட்டுல மேல படியுற கசடைத் தட்டினா வருமா? ஆறினா தானா உரியும். இதுவும் அடி முறுகினா தானா விடும். சும்மா இரு."

சொல்லிவிட்டு அவனே சட்டிமேல் குனிந்தான். ஓரம் வெளுத்தது. வாசனை மாறியது. சட்டியின் கைப்பிடியைப் பிடித்து லேசாக ஓர் ஆட்டு ஆட்டினான். துண்டு வழுக்கிக்கொண்டு நகர்ந்தது.

"மாப்ள, நடக்குது."

"நடக்குது மாமா."

திருப்பிப் போட்டான். அடிப்பக்கம் ஒரே சீராகச் சிவந்து மொறுமொறுவென்று இருந்தது. ஒரு துணுக்குகூட உதிரவில்லை. இரண்டு பேரும் சட்டிக்கு முன்னால் குழந்தைகள் மாதிரி நின்றார்கள்.

வாசலில் செருப்புச் சத்தம். வந்தவளைக் கைகூட முழுசாகக் கழுவ விடாமல் இழுத்து உட்கார வைத்தான். தட்டில் துண்டு விழுந்தது, ஆவியோடு.

அவள் ஒரு ஓரத்தைப் பிட்டாள். மொறுக்கென்று சத்தம் கேட்டது. ஊதி வாயில் போட்டாள். கண்ணை மூடி மென்றாள்.

"உப்பு கம்மி" என்றாள். கை நிற்கவில்லை. முள் மட்டும் மிஞ்சியது. "இன்னொன்னு இருக்கா?"

அவன் ஓடிப்போய் மூன்றாவதையும் வறுத்து எடுத்துவந்து அவள் தட்டில் வைத்தான். அவள் கழுத்தை நீட்டி அடுப்பைப் பார்த்தாள். முகம் மாறியது.

"ஏங்க. என் சட்டி எங்க?"

"நான் கிளம்பறேன் மாமா" என்று மச்சினன் செருப்பைத் தேடினான்.

தீப்பொறி எல்லாவற்றையும் ஒப்பித்தான். அவள் சட்டியைப் பார்த்தாள். சுற்றிலும் வெள்ளை, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் புரையேறியது.

"எத்தனை வருஷமா கறுக்க வச்ச சட்டி தெரியுமா? இது பழையபடி ஆகிற வரைக்கும் இனி மீன் நீங்கதான் வறுக்கணும்."

"நிஜமாவா?" என்றான் அவன். கேட்டபடியே நாலாவது துண்டைச் சட்டியில் வைத்தான்.