பின்சக்கரத்துக்கு நூல் பிடித்தது யார்

செஞ்சியில் நான் கட்டினது எதுவும் இன்றைக்கு வரைக்கும் சாய்ந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைத்தெருவில் ஒரே வரிசையாக நிற்கிற கடைகள் என் கை. சிங்கவரம் போகிற வழியில் இருக்கிற கல்யாண மண்டபம் என் கை. வல்லத்துப் பக்கம் தண்ணீர்த் தொட்டி, அவலூர்பேட்டையில் வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, காயப் போடுகிற களமும் அதை ஒட்டிய குடோனும், எல்லாம் நான். மலையடியில் ஒரு இடம். கீழே பூராவும் பாறை, இங்கே அஸ்திவாரம் நிற்காது என்று படித்த இன்ஜினியர் ஒருத்தர் கையை விரித்துவிட்டுப் போனார். அங்கே மாடி வீடு கட்டிக் காட்டினேன். இப்பவும் அந்த மாடியில் துணி காய்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

மூன்றாம் கிளாஸோடு எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்து போச்சு. சாந்துச் சட்டி தூக்கினேன், கரண்டி பிடித்தேன், மேஸ்திரி ஆனேன், அப்புறம் சொந்தமாக கான்ட்ராக்ட் எடுத்தேன். எவன் காலிலும் விழவில்லை. பிளான் என்று ஒன்றைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அதில் இருக்கிற எழுத்தில் பாதி எனக்குத் தெரியாது. நூலும் தூக்குக்குண்டும் மூலைமட்டமும்தான் நான் படித்த எழுத்து. நான் வைத்த சுவர் ஒன்றாவது கோணல் என்று எவனாவது நிரூபித்தால், இடித்துவிட்டு என் செலவில் கட்டித் தருகிறேன் என்று பல பேர் முன்னால் சொல்லியிருக்கிறேன். ஒருத்தனும் வரவில்லை.

அப்படிப்பட்டவன் ஓட்டுகிற வண்டி கோணலாகப் போகிறது என்று ஊரே சிரித்தது.

என் வண்டி பெட்டி மாதிரி இருக்கிற பழைய வேன் கார். பக்கத்தில் தள்ளித் திறக்கிற கதவு. என் வீட்டுக்காரிக்கு ரெண்டு முட்டியும் தேய்ந்து போயிருக்கிறது, இந்த வண்டியில் என்றால் அதிகம் குனியாமல் ஏறிவிடுவாள். அதனாலேயே விற்கவில்லை. பின் சீட்டில் இடது ஓரம்தான் அவளுக்கு. கதவைத் திறந்ததும் உட்கார்ந்துவிடலாம் இல்லையா. நான் ஓட்ட, அவள் பின்னால் இருந்து எனக்கு வழி சொல்ல, அவலூர்பேட்டையில் இருக்கிற மகளைப் பார்க்கப் போவோம். எனக்கு அந்த ரோட்டில் கண்ணைக் கட்டிவிட்டாலும் வழி தெரியும். ஆனால் சொல்லாமல் வர அவளால் முடியாது.

அப்படிப் போகிறபோது ஒரு நாள் சொன்னாள்:

“யோவ், பின்னால என்னமோ உரசுதுயா. சோத்தாங்கை பக்கம் திருப்பினா கர்ருனு கத்துது.”

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காது. கலவை மெஷின் பக்கத்திலேயே நின்று இத்தனை வருஷம் கத்திக் கத்தி வேலை வாங்கினவன். இடது காது அப்பவே போய்விட்டது. வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தேன். குனிய முடியவில்லை. டயரை ரெண்டு உதை உதைத்தேன். நன்றாகத்தான் இருந்தது.

“ஒண்ணுமில்ல. நீதான் வெயிட்டு ஏறிட்ட,” என்றேன்.

“ஆமாயா, நான்தான் உள்ள ஒக்காந்து உரசறேன். ஓட்டு.”

திரும்பி வந்து டயர் கடையில் காட்டினேன். கடைக்காரர் இடது பின் டயரைத் தடவிப் பார்த்து, ஓரம் தேய்ந்திருக்கிறது, மாற்றுங்கள் என்றார். மாற்றினேன். அடுத்த தடவை போகும்போதும் கத்துகிறது என்றாள். இன்னொருத்தர் மட்கார்டின் உள் விளிம்பு டயரில் படுகிறது என்று சுத்தியலால் தட்டி மேலே மடக்கிவிட்டார். பெயிண்ட் போனதுதான் மிச்சம். மூன்றாவதாக, கம்ப்யூட்டர் வைத்து அலைன்மென்ட் பார்க்கிற இடத்துக்குப் போனேன். ஸ்டியரிங் கொஞ்ச நாளாகவே இடது பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் வண்டி நேராகப் போகும், அதையும் சொன்னேன். சக்கரத்தில் எதையோ மாட்டினார்கள், டிவி மாதிரி ஒன்றில் சிவப்பாக நம்பர் வந்தது, முன்சக்கரத்தில் கீழே ஏதோ திருகினார்கள், பச்சையாக ஆனது. “பச்சை வந்துடுச்சு பெரியவரே, எடுத்துக்குங்க.” பச்சைக்கு என்ன அர்த்தம் என்று கேட்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. ஸ்டியரிங் நேராகிவிட்டது. சத்தம் போகவில்லை.

இதில் ஒரு சங்கடம் பாருங்கள். மெக்கானிக் எவர் ஓட்டிப் பார்த்தாலும் சத்தம் வராது. அவர்கள் வெறும் வண்டியை ஓட்டுவார்கள். சத்தம் என் வீட்டுக்காரி ஏறி உட்கார்ந்தால்தான் வரும். அவளை ஒவ்வொரு பட்டறைக்கும் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைக்க முடியுமா? அவள் வரவே மாட்டேன் என்றுவிட்டாள். “ஊரு பூரா என் வெயிட்ட காட்டவா?” அவள் சொல்கிற சத்தம் எனக்குக் கேட்காது, எனக்குக் கேட்காத சத்தத்தை இன்னொருத்தருக்கு நான் எப்படி வாயால் செய்து காட்டுவது?

இப்படி இருக்கும்போதுதான் கூட்டு ரோட்டு டீக்கடையில் அது நடந்தது. என் மகன், நான் வைத்துக் கொடுத்த ஹார்டுவேர் கடையை நடத்துகிறவன், அன்றைக்கு பைக்கில் எனக்குப் பின்னாலேயே வந்திருக்கிறான். நான் வண்டியை நிறுத்தி டீ வாங்கினேன். அவன் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்னாலேயே ஆரம்பித்தான்.

“நைனா, நீ ரோட்ட பாத்துதான் ஓட்றியா? வண்டி மூஞ்சி ஒரு பக்கம் இருக்குது, முதுகு ஒரு பக்கம் இருக்குது. நண்டு மாரி போற!”

டீக்கடைக்காரர் சும்மா இருப்பாரா? “மேஸ்திரி இன்னிக்கு மட்டம் புடிக்காம ஓட்டிட்டாரு போல.”

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அதில் நான் வேலை கொடுத்து வளர்ந்தவர்கள் ரெண்டு பேர். மகன் சிரிக்கவில்லை. “கண்ணு போயிடுச்சு நைனாவுக்கு. எங்கனா கொண்டுபோய் மோதப் போறாரு,” என்று அவர்களைப் பார்த்துச் சொன்னான், நான் அங்கே இல்லாத மாதிரி. சத்தத்துக்கும் காரணம் அதுதானாம். கண் தெரியாமல் எதன் மேலாவது ஏற்றி இறக்கியிருப்பேனாம். அப்புறம் என் கையில் இருந்த சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிடுங்கவில்லை. மெதுவாகத்தான் வாங்கினான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. ஆபரேஷன் பண்ணின கண். ஊசியில் நூல் கோர்ப்பேன். ஆனால் அதை அங்கே எப்படிக் காட்டுவது? வண்டி கோணலாகப் போனதைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகச் சொல்கிறான். நான் உள்ளே இருக்கிறவன், எனக்கு எப்படித் தெரியும்? ஸ்டியரிங் நேராக இருந்தது, ரோடு நேராக இருந்தது.

அப்புறம் வந்த நாட்களைப் பற்றிச் சொல்லவே கூசுகிறது. வண்டி வாசலில் நிற்கும், நான் அதற்கு எதிரே பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருப்பேன். மகனுக்குக் கடையில் வேலை ஒழிந்தால் கூட்டிப் போவான், ஒழியாது. வீட்டுக்காரி ஒரு தடவை பஸ்ஸில் அவலூர்பேட்டை போனாள். படி ஏறும்போது யாரோ பின்னால் இருந்து தள்ளி ஏற்றினார்களாம். வந்து முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, “இனிமே அவளே வந்து பாக்கட்டும். நான் போவல,” என்றாள். இத்தனை கட்டடம் கட்டினவன், பொண்டாட்டியை மகள் வீட்டுக்குக் கூட்டிப் போக வக்கில்லாமல் வண்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்த ஒரு மத்தியானம், சேரை வண்டியின் வலது பக்கம் இழுத்துப் போட்டேன். இடது பக்கம் வெயில், அதனால்தான். வேறு யோசனை ஒன்றும் இல்லை. உட்கார்ந்ததும் பின்சக்கரத்துக்கும் அதன் பின்னால் வளைகிற மட்கார்டுக்கும் நடுவில் இருக்கிற சந்து கண்ணில் பட்டது. கையை விட்டேன். என் உள்ளங்கை தாராளமாகப் போயிற்று. எழுந்து இடது பக்கம் போய் அதே இடத்தில் கையை விட்டேன். விரல்தான் போயிற்று.

ஒரு சுவரை மட்டும் பார்த்துக் கோணல் கண்டுபிடிக்க முடியாது, எதிர்ச் சுவரையும் பார்க்க வேண்டும். இது நான் சித்தாள்களுக்கே சொல்கிற பாடம். இத்தனை பேர் பார்த்தார்களே, எல்லாரும் சத்தம் வருகிற பக்கத்தை மட்டும் பார்த்தார்கள். நானும்தான்.

உள்ளே போய் நூல் உருண்டையை எடுத்து வந்தேன். வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன்.

“இந்த முனைய முன்சக்கரத்து நடுவுல வெச்சு அழுத்தி புடி.”

“வண்டிக்கு அஸ்திவாரம் போடப் போறியா?”

“புடிடீ.”

சாவி இல்லாமலே அளக்கலாம் இல்லையா. முன்சக்கரம் திரும்பாமல் நேராகத்தான் நின்றது. வலது பக்கம், முன்சக்கரத்து நடுவில் இருந்து பின்சக்கரத்து நடு வரைக்கும் நூலை இழுத்து, முடிகிற இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டேன். அதே நூலை இடது பக்கம் கொண்டுவந்தேன். முடிச்சு பின்சக்கரத்து நடுவுக்கு வரவில்லை. ரெண்டு விரக்கடை, அதாவது ரெண்டு விரல் அகலம், முன்னாலேயே நின்றுவிட்டது. பின்சக்கரம் அந்தப் பக்கம் மட்டும் பின்னால் நகர்ந்திருக்கிறது.

“நான் சரியா புடிக்கல போலயா.”

இடம் மாறி அவளைப் பின்னால் நிற்க வைத்து நான் முன்னால் பிடித்தேன். அதே ரெண்டு விரக்கடை. வாசலிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “யாருனா பாக்கப் போறாங்க, வுடுயா,” என்றாள்.

சாயந்திரம் மகனிடம் சொன்னேன். “நைனா, நூலு புடிச்சு பாக்கறதுக்கு அது இன்னா காம்பவுண்டு சுவரா? கம்ப்யூட்டர்லயே பச்சை காட்டிடுச்சு. பேசாம இரு,” என்றான். முடிச்சுப் போட்ட நூலை அவனிடம் நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒரு பாய். அவருடைய பட்டறைக்குத் தளம் போட்டவன் நான். போன் பண்ணினேன். தொழுகை முடித்துவிட்டு வருகிறேன் என்றார், வந்தார். நூலைக் காட்டினேன். தலையைச் சொறிந்தார்.

“மேஸ்திரி, பின் அச்சு எப்புடி நவுரும்? அத போல்ட் போட்டு இறுக்கி வெச்சிருக்குது.”

“நவுந்துடுச்சு பாய். நூல் பொய் சொல்லாது.”

“சரி, பட்டறைக்கு எடுத்துட்டுப் போய் தூக்கிப் பாத்துடுவோம். சாவி குடுங்க.”

சாவி என்னிடம் இல்லை என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. மகனுக்குப் போன் போட்டேன். அவன் வந்து, என்னைத் தாண்டிக் கையை நீட்டி பாயிடம் கொடுத்தான்.

பட்டறையில் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினார். நான் பக்கத்தில் நின்றேன். அடியில் போய்ப் பார்க்க எனக்கு உடம்பு வளையாது. அவர் படுத்துக்கொண்டே உள்ளே போய் ஒரு கடப்பாறையை விட்டு நெம்பினார். அச்சு நகர்ந்தது. எனக்கே தெரிந்தது. “அல்லா!” என்று உள்ளே இருந்து சத்தம் வந்தது, அது மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது. ஸ்பிரிங் பட்டைகளை அடுக்கி நடுவில் ஒரு போல்ட் போட்டிருப்பார்கள். அதன் தலை அச்சில் இருக்கிற குழியில் உட்கார்ந்து, அச்சை அசையாமல் வைத்திருக்கும். அந்தத் தலை தனியாக அவர் கையோடு வந்துவிட்டது. துருப்பிடித்து அறுந்திருந்தது. சுற்றிப் பிடிக்கிற போல்ட்டுகளும் தளர்ந்து கிடந்தன. ஆள் ஏறினால் பட்டை தாழ்ந்து டயர் மேலே போகும், நகர்ந்த சக்கரம் மட்கார்டில் உரசும். சக்கரம் கோணலாக நின்றால் வண்டியும் நண்டு மாதிரிதான் போகும், எவன் ஓட்டினாலும்.

புது போல்ட் போட்டு, அச்சை இழுத்து உட்கார வைத்து இறுக்கினார். முன்சக்கரத்தையும் திரும்பச் சரி பண்ண வைத்தார். அப்புறம் வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரியைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு, பாய் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார, கோட்டை வரைக்கும் போனோம். வலது பக்கம் திரும்புகிற இடம் வந்தது. வண்டி திரும்பிற்று. எனக்குச் சத்தம் வந்தபோதும் கேட்கவில்லை, இப்போது வராததும் கேட்கவில்லை. திரும்பிக் கத்தினேன்:

“இன்னாடீ, கத்துதா?”

“நீ கத்தறதுதான்யா கேக்குது.”

பாய் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் நான் உட்கார்ந்திருந்தது ஓட்டுகிற சீட்டில் இல்லை.

வீட்டில் இறங்கியதும் பாய் சாவியை மகனிடம் கொடுத்தார். எங்கிருந்து வாங்கினாரோ அங்கே கொடுத்தார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. மகன், “பாய் கரெக்டா புடிச்சுட்டாரு நைனா. இனிமே பயமில்ல. எங்க போவணும்னாலும் சொல்லு, நான் வந்து ஓட்றேன்,” என்றான். சாவி இப்போது அவன் கடையில் கல்லாவுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. வருகிறவர்களிடம் எல்லாம் பாய் கண்டுபிடித்த கதையைச் சொல்கிறான். நான் கேட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். வண்டி நேராகிவிட்டது, என் கண் மட்டும் அவன் வாயில் இன்னும் கோணலாகவே இருக்கிறது.

சாவி அப்புறம். முதலில் எனக்கு இது வேண்டும். கூட்டு ரோட்டு டீக்கடையில், அன்றைக்குச் சிரித்த அதே ஆட்கள் முன்னால், என் மகன் வாயால் சொல்ல வேண்டும்: வண்டி கோணலாகப் போனது நைனா கண்ணால் இல்லை, அச்சு நகர்ந்ததால். பாயும் பக்கத்தில் நின்று ஆமாம் என்று சொல்ல வேண்டும். போல்ட்டைக் கழற்றினது அவர்தான், அதில் எனக்குச் சண்டை கிடையாது. சத்தத்தைக் கேட்டது என் வீட்டுக்காரி, அதையும் சேர்த்தே சொல்லட்டும். ஆனால் நூல் பிடித்தது நான். முடிச்சுப் போட்ட நூல் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு இந்தக் கதையை எவனும் சொல்லக் கூடாது.