கீழிருந்து படித்த தாணுமாலையன்

தாணுமாலையன் எந்தக் காகிதத்தையும் கீழிருந்துதான் படிப்பார். முதலில் கையெழுத்து, பிறகு தேதி, கடைசியில்தான் சங்கதி. தாலுகா கோர்ட்டு வாசல் வேப்பமரத்தடியில் இருபது வருஷம் மனு எழுதியவர். நெற்றி நிறையத் திருநீறு பூசுவார். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. அவர் கண்ணில் உண்டு.

1911-ல் வாந்திபேதி பரவியது. கால்வாயில் யாரும் கோரையோ ஓலையோ ஊறப்போடக் கூடாதென்று தாசில்தார் உத்தரவு போட்டார். ஓடுகிற தண்ணீரில் ஒரு வாரம் ஊறாத கோரையில் பத்தமடைப் பாய் நெய்ய முடியாது. பக்கத்துச் சிற்றூரில் பாய் நெய்த ஷரீபா பீவி நாலு கட்டுக் கோரையைக் கால்வாயில் போட்டாள். ஊர் நிர்வாகம் பார்த்த கிராம முன்சீப் பூதலிங்கம் பிடித்துக் கொடுத்தார். சற்று மேலே அவருடைய தென்னை ஓலைகளும் ஊறிக்கொண்டுதான் இருந்தன. அவை எந்தத் தலையாரி கண்ணிலும் படவில்லை. நோய் ஆள் பார்ப்பதில்லை, உத்தரவு பார்த்தது.

விசாரணை நாளன்று முன்சீப் அவளிடம் வந்தார்.

"செஞ்சேன்னு ஒத்துக்கோ பீவி. ஒரு மாசத்துல வெளிய வந்திரலாம். மறுத்தா ஆறு மாசம்."

வீட்டில் கணவன் தாஜ் முகம்மது வாதத்தில் விழுந்து கிடந்தான். அவள் நேரே தாணுமாலையனிடம் போனாள்.

"ஒத்துக்கிடுதேன்னு எழுதுங்க, அண்ணாச்சி. தண்டனையக் குறைக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்துக்கிடுங்க. அந்த மனுசனுக்குக் கஞ்சி ஊத்த ஆளில்ல."

அவர் குற்றச்சாட்டின் நகலை வாங்கி, அடிவரியிலேயே நின்றார்.

"முன்சீப்பு கையெழுத்துல்லா கெடக்கு. தாசில்தார் எங்க?"

"நான் போட்டது நெசந்தானே, அண்ணாச்சி."

"நெசமாவே இருக்கட்டும் தாயி. உத்தரவு போட்டவரு புகார் குடுக்கணும், இல்ல சம்மதம் எழுதணும். ரெண்டும் இல்லாம இதைத் தொட இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரமே கெடையாது. நீங்க ஒத்துக்கிட்டாலும் அந்த அதிகாரம் வராது."

அதையே மனுவாக எழுதிக் கொடுத்தார். மாஜிஸ்திரேட் படித்துவிட்டுச் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். தாசில்தாரின் சம்மதம் எங்கே என்று முன்சீப்பைக் கேட்டார்.

"வாயால சொன்னாங்கய்யா."

மாஜிஸ்திரேட் வழக்குக் கட்டை மூடினார். "விசாரிக்க எனக்கு அதிகாரமில்லை. முறையான புகார் வந்தால் பார்க்கலாம். நீ போகலாம் அம்மா."

வெளியே பூதலிங்கம் முறைத்தார். "நாளைக்கே கையெழுத்து வாங்கிட்டு வாரேன் வே."

"பையப் பைய வாங்கும். கையெழுத்துப் போட்டவரு சாட்சிக் கூண்டேறணும். ஏறுனா, கால்வாயில மேல ஊறுன அந்த ஓலை யாருதுன்னு ஒரு கேள்வி கேக்கச் சொல்லுவேன்."

கையெழுத்து வரவேயில்லை. ஷரீபா பீவி அன்று மத்தியானமே வீட்டில் உலை வைத்தாள்.

சட்டத்தின் ஓட்டையில் தப்பினாள் என்று சில வக்கீல்கள் சிரித்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஓர் ஏழையைச் சிறைக்கு அனுப்ப நினைக்கும் அதிகாரி, தன் பெயரை எழுதி முன்னால் நிற்கட்டும் என்று சொல்வது ஓட்டையா?

அந்த மனுவின் தலையிலும் தாணுமாலையன் பிள்ளையார் சுழி போட்டிருந்தார். ஜெயித்தது சட்டமா சுழியா என்று கேலி செய்தேன்.

"மேல என்ன கெடந்தா உமக்கென்ன வே," என்றார். "நீரு கீழ இருந்து படியும்."