புள்ளி விழாத சாலை

இரண்டாயிரத்துக்குப் பிறகு, நான் சென்னையை அடுத்த படூரில் குடியிருந்த காலம். எங்கள் கம்பெனி போலீசுக்கு ஒரு மென்பொருள் செய்து கொடுத்தது. பதிவான வழக்குகள் வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகளாக விழும். புள்ளிகள் நெருக்கமாக இருக்கும் இடத்துக்கு ரோந்து வண்டி போகும். அதைச் செய்தவர்களில் நானும் ஒருத்தி. பெருமையாகத்தான் இருந்தது.

ஒருநாள் கடற்கரைச் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்த பக்கத்து வீட்டு அக்காவின் தாலிச் சங்கிலியை, பைக்கில் வந்த இரண்டு பேர் அறுத்துக்கொண்டு போனார்கள். இழுத்த வேகத்தில் கழுத்தில் தோல் உரிந்துவிட்டது. நான்தான் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன்.

இன்ஸ்பெக்டர் அந்தக் கழுத்தைப் பார்க்கவே இல்லை.

“செயின் எங்கியோ வுழுந்துட்ச்சுன்னு எழுதிக் குடும்மா. மனு ரசீது தரேன்.”

“அறுத்துக்கினு போனாங்க சார். ரத்தம் வருது பாருங்க” என்றார் அக்கா.

“கேசு போட்டா கோர்ட்டுக்கு நீதான் அலையணும். உனக்கு எதுக்கு அந்தப் பேஜாரு?”

நான் குறுக்கே பேசினேன். “நீ இன்னா, வக்கீலா?” என்றார். அக்கா அவர் சொன்னபடியே எழுதினார். வழக்குப் பதிவாகவில்லை; மனு வாங்கியதற்கான ரசீது மட்டும் கிடைத்தது.

அடுத்த மாதம் செங்கல்பட்டில் போலீஸ் ஆய்வுக் கூட்டம். எங்கள் மென்பொருளை ஓட்டிக் காட்ட நானும் போயிருந்தேன். திரையில் அந்த ஸ்டேஷன் எல்லை வெள்ளை வெளேரென்று இருந்தது. மேலதிகாரி இன்ஸ்பெக்டருக்குக் கை கொடுத்தார்.

“குற்றமே இல்லாத ரோட்டுல வண்டி எதுக்கு? வேற பக்கம் மாத்துங்க.”

நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன்.

“கேஸ் பதிவாகியிருக்கா மேடம்?”

“பதிவு பண்ண மாட்டேன்னதுதான் சார் பிரச்சினையே.”

“டேட்டால இல்லாததை நான் எப்படி எடுத்துக்கறது?”

யாரோ சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் டீயில் பிஸ்கட்டை நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

மனு ரசீதுகளையும் வரைபடத்தில் சேர்க்கலாமா என்று எங்கள் மேனேஜரிடம் கேட்டேன். “அவங்க கேட்டதை மட்டும் செய்மா” என்றார். அந்த வேலையிலிருந்து என்னை மாற்றச் சொல்லிக் கேட்டு விலகிக்கொண்டேன். என் இடத்துக்கு மறுநாளே வேறொருவர் வந்துவிட்டார். பிறகு அந்த மென்பொருளுக்கு ஒரு கேடயமும் கிடைத்தது. அதை ஆபீஸ் வாசலிலேயே வைத்தார்கள்.

அக்கா ஒருநாள் கேட்டார்: “ஏம்மா, அந்த ரோட்டுல ஒரு போலீஸ் வண்டி நின்னுகினு இருக்குமே, காணோமே?”

எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா எழுந்து போய் வாசலில் காறித் துப்பிவிட்டு வந்தார்.