ஆறு நாற்பத்திரண்டுக்குப் பறந்த வௌவால்கள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம் என்று சொல்லி நழுவ மாட்டேன். நம்பித்தான் ஆக வேண்டும். ஏனென்றால் இதில் மாட்டிக்கொள்வது என் சொந்த அண்ணன். கூடப் பிறந்தவனைக் காட்டிக்கொடுக்க யாராவது கதை கட்டுவார்களா?

நடந்தது என் அண்ணிக்கு. தேதி, நேரம் எல்லாம் அவர் நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது.

அண்ணி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். பகலெல்லாம் ஊரார் எலும்பைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் வௌவாலைப் பார்ப்பார். சிரிக்காதீர்கள். நானும் சிரித்து வாங்கிக் கட்டிக்கொண்டவள்தான். அவர்கள் வீட்டுப் பின்சுவரில், கூரை விளிம்புக்குக் கீழே, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பிளவு. அதில் பூச்சி தின்னும் சின்ன வௌவால்கள். அவை வர வேண்டும் என்று அண்ணி என்னென்னவோ செய்தார். பின்பக்க விளக்கைக் கழற்றினார். அகலத் தொட்டியில் தண்ணீர் வைத்தார். அந்தி நேரத்தில் பூக்கும் செடிகளாகப் பார்த்து நட்டார். மூன்று வருடத்தில் முப்பத்தொரு வௌவால்கள் குடியேறின. கொசுவத்தி வாங்குவதே நின்றுபோயிற்று.

தினமும் அந்தியில் எண்ணிக்கை. இரண்டு நாற்காலி. ஒன்றில் அண்ணி, ஒன்றில் அண்ணன். ஆளுக்கொரு கவுண்ட்டர். ஒரு வௌவால் வெளியே வந்தால் ஒரு அமுக்கு. டிக். பேசக் கூடாது. எல்லாம் போன பிறகு இரண்டு பேரும் எண்ணைச் சொல்லி ஒத்துப் பார்ப்பார்கள்.

அண்ணியிடம் ஒரு கருவியும் இருந்தது. வௌவால் போடும் சத்தம் நம் காதுக்கு எட்டாது; அதை எட்டும்படி மாற்றித் தரும், பதிவும் செய்யும். எந்தப் பக்கம் நீட்டுகிறோமோ அந்தப் பக்கச் சத்தம் மட்டும் கேட்கும். டக்... டக்... டக்டக்டக். வீட்டில் அதற்குப் பெயர் மூணாவது காது.

அண்ணன் ஏசி மெக்கானிக். அண்ணிக்கு ஷிஃப்ட், அவனுக்கு எந்நேரமும் ஓட்டம். இரண்டு பேரும் சேர்ந்து உட்காருவதே அந்த அரை மணி நேரம்தான். அண்ணி என்னிடமே சொல்லியிருக்கிறார்.

"எனக்கு இந்த அரை மணி நேரம் போதும். மீதி நாள் எப்படி வேணா போகட்டும்."

வௌவால் எச்சம் அண்ணனின் வேன் மேல் விழும். அவன் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. தங்கமான மனுஷன் என்று நாங்கள் எல்லாம் பேசிக்கொண்டோம். எங்களைச் சொல்ல வேண்டும்.

போன வருடம் குட்டி போடும் காலம் வந்தது. அந்த மாதங்களில் ஏணி வைக்கக் கூடாது, டார்ச் அடிக்கக் கூடாது. தாய் மிரண்டால் குட்டியை விட்டுவிட்டுப் போய்விடும். இதை அண்ணி அவனுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஐந்தாம் தேதி, பயிற்சி வகுப்புக்காக நான்கு நாள் வெளியூர் போனார்.

ஒன்பதாம் தேதி திரும்பினார். பையைக்கூடப் பிரிக்காமல் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

மாலை 6:42. முதல் வௌவால் வந்தது. டிக்.

பதினாறோடு நின்றுவிட்டது.

"எனக்குப் பதினாறுதான். உங்களுக்கு?"

"பதினாறு."

"பாதி எங்கே போச்சு?"

"வெக்கைக்கு வேற இடம் பார்த்திருக்கும். வந்துடும், விடு."

வந்தவை எல்லாம் சின்னதாக இருந்தன. குட்டிகள் பறக்க ஆரம்பித்துவிட்டன போல என்று அண்ணிக்கு உள்ளுக்குள் ஒரே பூரிப்பு. அன்று இரவு எனக்குப் போன் பண்ணி அதையேதான் பேசினார்.

பத்தாம் தேதி. 6:42. பதினாறு.

பதினொன்று. 6:42. பதினாறு.

இங்கேதான் அண்ணிக்கு முதலில் இடித்தது. அது பகல் நீண்டுகொண்டே போகும் மாதம். இருட்டுவது தள்ளிப்போனால் வௌவால் கிளம்புவதும் தள்ளிப்போக வேண்டும். இவை தள்ளவில்லை. நல்ல வெளிச்சம் இருக்கும்போதே, கடிகாரம் பார்த்தது போல, 6:42.

பிளவுக்குக் கீழே எச்சம் விழவில்லை. ஒரு பொட்டுக்கூட இல்லை. கொசு திரும்ப வந்துவிட்டது. விடியற்காலை நாலரைக்கு எழுந்து காத்திருந்தார். போனது எதுவும் திரும்பி வரவில்லை. ஆனால் சாயங்காலம் பதினாறும் வெளியே வந்தன.

மூணாவது காதைச் சுவர்ப் பக்கம் நீட்டினார். சத்தமே இல்லை. பேட்டரி மாற்றினார். அப்போதும் இல்லை.

"கருவி போச்சு போல," என்றான் அண்ணன். சுவரைப் பார்த்தபடியே சொன்னான்.

இருபத்தொன்றாம் தேதி.

6:40. இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் யாரோ ஷட்டரை இழுத்து மூடினார்கள். பிறகு எதுவும் இல்லை.

6:42. முதல் வௌவால். அன்று வெளிச்சம் நன்றாக இருந்தது. அண்ணி உற்றுப் பார்த்தார். இறக்கை அடிக்கவே இல்லை. சுருங்கிய இறக்கையோடு... அப்படியே காற்றில் போனது.

டிக். பக்கத்திலும் ஒரு டிக்.

அண்ணி கருவியைக் கையில் எடுத்தார். சுவர்ப் பக்கம் நீட்டினார். ஒன்றும் இல்லை.

வானத்துப் பக்கம். ஒன்றும் இல்லை.

தொட்டிப் பக்கம்... இல்லை.

கை தானாகத் திரும்பியது. அண்ணன் பக்கம்.

ச்ச்ரீஈ...

அண்ணி கையை விலக்கினார். நின்றது.

திரும்ப நீட்டினார்.

ச்ச்ரீஈ... ச்ச்ரீஈ... ச்ச்ரீஈ...

ஒன்று அல்ல. பல குரல்.

அவன் மடியிலிருந்து. தோளிலிருந்து. கழுத்திலிருந்து.

"என்ன... சத்தம் அது?" என்றான் அண்ணன்.

அண்ணி அவன் முகத்தைப் பார்த்தார். வேர்த்திருந்தது.

மறுநாள் காலை 9:10. வேன் தெரு முனை திரும்பியதும் அண்ணி ஏணியை வைத்தார். மூன்று வருடத்தில் முதல் தடவையாக, வைக்கக் கூடாத மாதத்தில்.

பிளவு கீழே இருந்து பார்க்கக் கறுப்பாகத்தான் தெரிந்தது. விரலை விட்டார். விரல் உள்ளே போகவில்லை.

நுரை. ஏசி குழாய் போகும் ஓட்டையைச் சுற்றி அண்ணன் அடிப்பானே, டப்பாவில் வரும் மஞ்சள் நுரை, அடித்தால் உப்பிக் கல்லாகிவிடும், அது. பிளவு முழுக்க அடைத்து, மேலே கறுப்பு பெயிண்ட் பூசியிருந்தான். கீழே நாற்காலியிலிருந்து பார்த்தால் ஓட்டை போலவே தெரிய வேண்டும் என்று. கோபத்தில் அடைத்தவன் பெயிண்ட் பூசுவானா? அண்ணி ஏணியில் நின்றபடியே அழுதாராம்.

கத்தியால் அறுத்து எடுத்தார். நுரையின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டு, காய்ந்துபோய், கட்டைவிரல் நுனி அளவில்...

பதினாறு.

வௌவால்களைப் பற்றி ஆராயும் ஒரு கால்நடை டாக்டருக்கு அவற்றையும் பதிவையும் அனுப்பினார் அண்ணி. நான்கு நாள் கழித்துப் போன் வந்தது.

"பிறந்து ஒரு வாரம்கூட ஆகலைங்க. கண்ணே சரியா திறக்கலை. பறக்கவெல்லாம் வாய்ப்பே இல்லை."

"அந்தச் சத்தம்?"

"அது தாயைத் தேடிக் கூப்பிடற குட்டியோட சத்தம். ஆனா பதிவுல தேதி தப்பா விழுந்திருக்குங்க. இருபத்தொண்ணுன்னு காட்டுது. இதுங்க செத்துப் பத்து நாளுக்கு மேல ஆச்சே."

நுரையை அறுத்து எடுத்த அன்று மாலையே அண்ணி அவனிடம் கேட்டிருந்தார்; அண்ணன் மறுக்கவில்லை. ஏழாம் தேதி, பெரியவை எல்லாம் இரை தேடிப் போன பிறகு அடைத்தானாம். ஒன்றையும் கொல்லவில்லை என்று நினைத்தானாம். வீடு நாறுவதாகக் கூட வேலை செய்கிறவர்கள் கேலி பேசினார்களாம்.

"அப்ப என்கூட உக்காந்து எண்ணினது?" என்று கேட்டார் அண்ணி.

"நான் ஒண்ணையும் பார்க்கலை. நீ அமுக்கினே, அந்தச் சத்தத்தைக் கேட்டு நானும் அமுக்கினேன். உன்னை எதுக்கு நோகடிக்கணும்னு..."

பதின்மூன்று சாயங்காலம். வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து, அவரோடு சேர்ந்து பதினாறு பதினாறு என்று சொல்லியிருக்கிறான். பேயைக்கூட மன்னித்துவிடலாம். அண்ணி அன்றே கிளம்பிவிட்டார். நோட்டை என் கையில் கொடுத்தார்.

அந்தப் பதினாறும் ஏன் அண்ணி கண்ணுக்கு மட்டும் தெரிந்தன, எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது.

இரண்டு மாதம் கழித்து அண்ணன் என் வீட்டுக்கு வந்தான். இளைத்துப் போயிருந்தான். பேச்சோடு பேச்சாக நான்தான் கேட்டேன்.

"குட்டி இருக்கும்னு நிஜமாவே உனக்குத் தெரியாதாண்ணே?"

"நுரை அடிக்கறப்பவே உள்ளே கீச்சுகீச்சுன்னு லேசா கேட்டுச்சு. அந்த ஓட்டைக்கு ஒரு டப்பா போதும்டி. சத்தம் நிக்கலைன்னுதான் ரெண்டாவது டப்பாவையும் அடிச்சேன்."

இதை இன்னும் நான் அண்ணியிடம் சொல்லவில்லை.