எடை போடாத பிள்ளை

சதுரங்கப்பட்டினத்தில் அங்கன்வாடி ஆசிரியையாக இருக்கிறேன். இதை இதுவரை வெளியே சொன்னதில்லை.

மாதம் ஒருமுறை பிள்ளைகளை எடை போட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். நாலரை வயது இம்ரானை மட்டும் அவன் அம்மா ஷமீம் எடைக்கருவியில் ஏற்ற விடமாட்டாள்.

“வேணாம் டீச்சர், ஊரு கண்ணு பட்டுடும். கொழுகொழுன்னுதான கீறான், அப்புறம் இன்னா?”

எனக்கும் மறுத்துப் பேசத் தோன்றவில்லை. மெலிந்த பிள்ளைகளைத் தேடித்தான் எங்களுக்குப் பழக்கம். மாதாமாதம் கால் கிலோ கூட்டி, நானே ஓர் எண்ணை எழுதிவிடுவேன்.

அன்று மதியம் சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைகள் தூங்கினார்கள். வழக்கம்போல அறையை நிறைத்த இம்ரானின் குறட்டை சட்டென்று நின்றது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. பிறகுதான் அவனைப் பார்த்தேன். மார்பு ஏறி இறங்குகிறது. மூக்கருகே விரலை வைத்தால் காற்று இல்லை. உதடு கறுத்திருந்தது. தூக்கி நிமிர்த்தப் பார்த்தேன். கனம் தாங்காமல் என் கை வழுக்கியது.

“இம்ரான்! டேய், எழுந்திருடா!”

முதுகில் ஓங்கித் தட்டினேன். தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வந்தவன்போல் இழுத்து மூச்சுவிட்டான்.

அழுதுகொண்டிருந்தவனை அப்படியே எடைக்கருவியில் நிறுத்தினேன். இருபத்தொன்பது கிலோ. பதிவேட்டில் பதினெட்டு.

ஷமீமை வரவழைத்து, அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அதிக எடையால் தூக்கத்தில் மூச்சுப் பாதை அடைபடுகிறது என்றார் டாக்டர். பழைய எடைகளைக் கேட்டார். அத்தனையும் நானாக எழுதியவை என்று ஒப்புக்கொண்டேன்.

ஷமீம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “நான் வேணாம்னுதான் சொன்னேன் டீச்சர். மாசாமாசம் எழுதிகினே இருந்தீங்களே, அது இன்னா?”

இப்போதெல்லாம் மதியத்தில் அறை அமைதியானால் என்னால் உட்கார முடிவதில்லை. எழுந்துபோய் ஒவ்வொரு பிள்ளையின் மூக்கருகிலும் விரலை வைத்துப் பார்க்கிறேன்.