இடுப்பளவு அலை

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாளெல்லாம் ஊசி குத்துகிறவளுக்கு நாற்பது வயதில் அலைச்சறுக்குப் பழக ஆசை வந்தது. தானும் வருவேனென்று ஒட்டிக்கொண்ட ஓரகத்திக்கும் அவளுக்கும் எப்போதும் ஏழாம் பொருத்தம்.

“நாம பாத்து வச்ச ரெண்டு தீவுல மேற்குத் தீவுக்கே போவோம். அலை இடுப்பளவுதான், அடியில மணல். புதுசாப் பழகுறவங்களுக்கு அதுதான் சரி,” என்றாள் அவள்.

“இடுப்பளவுத் தண்ணிக்கு எதுக்குக்கா ஃப்ளைட்டு? பாத்ரூம் வாளி போதுமே! பக்கத்துத் தீவுலதான் நிஜ அலை,” என்றாள் ஓரகத்தி.

“அங்க அடியில பாறை. விழுந்தா தோலை உரிச்சிடும்.”

கணவன், “விட்டுக்கொடேன்,” என்று தம்பி மனைவிக்குப் பரிந்துகொண்டு வந்தான்.

“இத்தனை வருஷமா வேற என்ன செஞ்சேன்?” என்று கேட்டுவிட்டு, தனக்கு மட்டும் மேற்குத் தீவுக்குச் சீட்டு எடுத்தாள்.

விழுந்து விழுந்து, கடைசியில் பலகைமேல் எழுந்து நின்றாள். குத்திக்காட்ட அங்கே யாரும் இல்லை.