சிவப்பு டேக் கட்டிய சொற்கள்

வியாழக்கிழமை பகல் இரண்டு பத்துக்கு மருத்துவமனையிலிருந்து என் தம்பி டெனிசன் கூப்பிட்டான். "அக்கா, அப்பா தூக்கத்துலயே போயிட்டாரு." அழுதேன். ஆனால் இருபது நாளுக்கு முன்னால் அவர் போயிருந்தால் எங்களால் தாங்கியிருக்க முடியாது.

அப்பா சூசைராஜ், ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியின் ஸ்டோர்ஸில் பதினாறு வருடம் வேலை பார்த்தவர். அதற்கு முன், பங்குச் சாமியார் மூலமாகப் பப்புவா நியூகினிக்குப் போய், ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஆறு வருடம் ஜெனரேட்டர் மெக்கானிக். அங்கே ஆற்றோரமாக நான்கு ஊர்கள், நான்கு மொழிகள். நாலும் ஒரே குடும்பம் என்பதை அவர் காதால் கேட்டே கண்டுகொண்டார். "நம்ம கண்ணு தெலுங்குல கன்னு. அங்கயும் அப்டித்தான். எல்லாம் அக்கா தங்கச்சிங்க."

கேட்ட சொல்லையெல்லாம் தமிழ் எழுத்தில் அட்டைகளில் எழுதி வைத்திருந்தார். ஓய்வு பெற்றபின் கம்பெனிப் பழக்கத்திலேயே அவற்றைப் பிரித்தார். நாலு மொழியிலும் ஒத்துப்போகும் சொல்லுக்குப் பச்சை டேக். சந்தேகத்துக்கு மஞ்சள். கடைசி ஊரின் மொழியில் மட்டும் தனியாக நிற்கும் சொல்லுக்குச் சிவப்பு. அந்த மொழி தெரிந்தவர்கள் இப்போது ஏழு முதியவர்கள்தான். அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர், பிள்ளைகளுக்குச் சொல்லித்தர அந்தச் சொற்களைக் கேட்டிருந்தார். அனுப்புவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார்.

அவர் ஆஸ்பத்திரியில் படுத்த வாரம், ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசரான டெனிசன் அவர் அறையை ஒழுங்குபடுத்தினான். கம்பெனியில் சிவப்பு டேக் என்றால் வேண்டாத பொருள், வெளியே போக வேண்டியது. யோசிக்காமல் அந்தப் பெட்டியைப் பழைய பேப்பரோடு காயலான் கடைக்குப் போட்டுவிட்டான். அப்பா பெட்டியைக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர், கஞ்சியைக்கூடத் தொடவில்லை.

வல்லக்கோட்டை ரோட்டில் பாண்டுரங்கன் கடைக்கு ஓடினோம். பேப்பர் லோடு முந்தின நாளே மில்லுக்குப் போயிருந்தது.

"அந்தப் பொட்டியா? உள்ளதான் கீது," என்றார் அவர். "இன்னா சார், அட்டைக்கு அட்டை டேக்க கம்பியில முறுக்கிக்கிறீங்க? கம்பி இருந்தா மில்லுல எட்த்துக்க மாட்டான். பிரிக்க ஆளு கெடைக்கல."

டெனிசன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பெட்டியை மடியில் வைத்ததும் அப்பா அவனை நிமிர்ந்து பார்த்தார். "ஏன்டா, சூப்பர்வைசர் ஆயிட்டா அப்பனுக்கும் டேக் மாட்டி ஸ்க்ராப்புக்கு அனுப்பிடுவியா?"

"உனக்குப் பச்சை டேக்குப்பா."

சிரித்ததில் அவருக்கு இருமல் வந்துவிட்டது.

மறுநாளிலிருந்து காலையில் அவர் ஒவ்வோர் அட்டையாக வாசிப்பார், நான் போனில் பதிவு செய்வேன். நூற்று நாற்பத்துமூன்றும் முடிந்து, அனுப்பியும் ஆயிற்று. போன ஞாயிறு அங்கிருந்து பதில் பதிவு வந்தது. அப்பாவின் உச்சரிப்பை ஒரு பாட்டி திருத்துகிறாள், பிள்ளைகள் கூட்டமாகத் திருப்பிச் சொல்கிறார்கள். மூன்று முறை கேட்டார். "போய்ச் சேந்துடுச்சி" என்று மட்டும் சொன்னார். அன்று இரண்டு இட்லி சாப்பிட்டார்.

குரல் போய்விட்டது; அட்டைகளில் அப்பா தமிழில் குறித்திருக்கும் அர்த்தத்தை ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவதுதான் பாக்கி. கடைசி ஒன்பது சொற்களுக்கு நான் இன்னும் எழுதவில்லை.